கண் அழுத்தத்தைக் குறைக்கும் சத்திரசிகிச்சைகள்: வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு தேயும் நோயான குளுக்கோமாவுக்குச் செய்யும் சத்திரசிகிச்சை பற்றியவை. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சில கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பரிசோதனை அறிக்கைகளின் பிரதிகளை அனுப்பியவர்களுக்கும் இங்கே பொதுவான விளக்கத்தையே தர முடியும். அவர்களுடைய கண்ணை நேரில் பார்த்த வைத்தியரின் சொல்லே அவர்களுக்கு முதன்மையானது.

என் தந்தைக்கு வயது 67. மூன்று வகைத் துளிமருந்து விட்டும் வலக் கண்ணின் அழுத்தம் 24 இலிருந்து இறங்கவில்லை. டிரபெகியுலெக்டமி செய்ய வேண்டும் என்கிறார்கள். அது எப்படிப்பட்ட சத்திரசிகிச்சை? செய்தால் குறைந்துபோன பார்வை திரும்புமா?
— வாசகி, வெள்ளவத்தை

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவது நல்லது: இழந்த பார்வை திரும்பாது. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிழைகள் உள்ளன. குளுக்கோமாவில் இறந்துபோன இழை மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியிருக்கும் இழைகளைக் காப்பாற்றுவதற்காகவே அழுத்தத்தைக் குறைக்கிறோம். கண்புரை எடுத்த பக்கத்து வீட்டுக்காரர் மறுநாளே பத்திரிகை வாசித்தார் என்ற நினைவோடு சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடும் குடும்பங்கள்தாம் பின்னர் பெரிதும் மனமுடைந்து போகின்றன. ஆகவே இதை உங்கள் தந்தையிடம் சத்திரசிகிச்சைக்கு முன்பே நீங்கள் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரக்கிறது. நிமிடத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலீற்றர் வரையான அந்த நீர் கண்மணியைச் சுற்றியுள்ள நிறப் படலமான கதிராளிக்குப் பின்னால் உருவாகி, கண்மணியின் வழியாக முன்னறைக்கு வந்து, கதிராளியும் கண்ணின் முன்புறத்திலுள்ள ஒளிபுகும் விழிவெண்படலமும் சந்திக்கும் கோணத்தில் உள்ள வலை போன்ற திசுவினூடாக வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. குளுக்கோமா நோயாளர் பெரும்பாலோரில் சுரப்பது கூடுவதில்லை; வடிவதுதான் குறைகிறது. 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரை வழக்கமான அழுத்தம் என்று சொல்லப்படுகிறது. ஆனால் 24 என்ற எண் தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. 24 உடன் பல ஆண்டுகள் எந்தப் பாதிப்பும் இன்றி இருப்பவர்களும் உண்டு. 16 இலேயே நரம்பு தேய்பவர்களும் உண்டு. உங்கள் தந்தையின் பார்வைப் புலப் பரிசோதனை ஆண்டுக்கு ஆண்டு மோசமாகி வருகிறதா என்பதே வைத்தியரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. மோசமாகி வருகிறது என்றால் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை.

அதற்கு முன் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மருந்து உண்மையில் கண்ணுக்குள் விழுகிறதா? வயதானவர்கள் தாமே விடும்போது பாதிக்கு மேல் கன்னத்தில் வழிந்துவிடுவது சாதாரணம். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 5 நிமிடம் விட வேண்டும். விட்டபின் மூக்கோரமாகக் கண்ணின் மூலையை மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓரிரு வாரம் நீங்களே விட்டுப் பார்த்து மறுபடி அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

இனிச் சத்திரசிகிச்சை. கண்ணில் துளையிட்டு நீரை வெளியேற்றும் எண்ணம் புதியதன்று. சென்னை எழும்பூர் அரச கண் வைத்தியசாலையில் பணியாற்றிய ரொபர்ட் ஹென்றி எலியட், விழிவெண்படலமும் கண்ணின் வெள்ளைச் சுவரான வன்கோதுப் படையும் சேருமிடத்தில் ஒரு சிறு வட்டத் துண்டை வெட்டியெடுத்து நீருக்கு வழிவிடும் முறையை 1909 இல் அறிவித்தார். உலகெங்கும் பல பத்தாண்டுகள் அது கைக்கொள்ளப்பட்டது. அதிலிருந்த குறை, வெளியேறும் நீருக்குத் தடையே இல்லாமற் போனது. அழுத்தம் அளவுக்கு மீறி வீழ்ந்து கண் தளர்ந்தது, தொற்றுகளும் வந்தன. கேம்பிரிட்ஜில் ஜோன் கெயர்ன்ஸ் 1968 இல் வெளியிட்ட முறைதான் இன்றைய டிரபெகியுலெக்டமிக்கு அடிப்படை. அவர் துளையை வெறுமனே விட்டுவிடாமல் அதன்மேல் ஒரு மூடியை வைத்தார்.

மேல் இமைக்குக் கீழே மறைந்திருக்கும் இடத்தில், வெளிப்படலத்தை விலக்கி, வன்கோதுப் படையில் பாதித் தடிப்புக்கு 3 அல்லது 4 மில்லிமீற்றர் அளவில் ஒரு மடல் பிரிக்கப்படுகிறது. மடலுக்கு அடியில் முன்னறைக்குள் ஒரு சிறு வாசல் திறக்கப்படுகிறது; கதிராளி வந்து அதை அடைத்துவிடாமல் இருப்பதற்காக அதன் ஓரத்திலும் ஒரு சிறு துண்டு எடுக்கப்படுகிறது. பின்னர் மடலை மெல்லிய நைலோன் நூலால் தைத்து, வெளிப்படலத்தையும் மூடிவிடுகிறார்கள். நீர் மடலின் ஓரங்களால் கசிந்து, படலத்துக்கு அடியில் ஒரு சிறு கொப்புளமாகத் தேங்கி, அங்கிருந்து உறிஞ்சப்படுகிறது. குளத்து மடைக்கதவை எவ்வளவு உயர்த்துவது என்று பார்த்துப் பார்த்துத் தண்ணீர் திறப்பதைப் போன்றதுதான் இந்த மடலின் வேலையும். தையல்களின் இறுக்கமே கதவின் உயரம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. மற்ற எல்லாச் சத்திரசிகிச்சைகளிலும் புண் விரைவாக ஆறினால் மகிழ்கிறோம்; இதில் முழுமையாக ஆறிவிட்டால் சத்திரசிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருள். உடலோ இதை ஒரு காயமாகத்தான் பார்க்கிறது, தழும்பு கட்டி மூடப் பார்க்கிறது. தழும்பைத் தடுக்க, மைட்டோமைசின் என்ற மருந்தில் நனைத்த சிறு பஞ்சை மேடையிலேயே சில நிமிடங்கள் வைத்து எடுத்துக் கழுவிவிடுவது இன்று வழக்கம். சிலர் அதை ஊசியாகவும் ஏற்றுகிறார்கள். புற்றுநோய்க்கும் பயன்படும் மருந்து என்று இணையத்தில் படித்துப் பயந்து ஒருவர் எழுதியிருந்தார். இங்கே பயன்படுவது மிகச் சிறிய அளவு, அதுவும் ஒரே ஓர் இடத்தில்.

பெரும்பாலும் விறைப்பூசி போட்டே செய்கிறார்கள், ஒரு மணித்தியாலம் வரை ஆகலாம். நோய் முற்றிய நிலையில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டவர்களில் மருந்தோடு தொடங்குவது நல்லதா, சத்திரசிகிச்சையோடு தொடங்குவது நல்லதா என்று பிரித்தானியாவில் ஓர் ஆய்வு நடந்து 2021 இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளின் முடிவில் சத்திரசிகிச்சை செய்தவர்களின் சராசரி அழுத்தம் 12 அளவிலும், மருந்து விட்டவர்களுடையது 15 அளவிலும் இருந்தது. பார்க்கச் சிறியதாகத் தோன்றும் இந்த 3, முற்றிய நோயில் பெரிய வேறுபாடு.

இரண்டு வாரத்துக்கு முன் டிரபெகியுலெக்டமி செய்தேன். முன்பைவிட மங்கலாகத் தெரிகிறது. வாரந்தோறும் கிளினிக்குக்கு வரச் சொல்கிறார்கள். சென்ற முறை லேசரால் ஒரு நூலை வெட்டினார்கள்; இப்போது கண்ணில் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். சத்திரசிகிச்சை பிழையாகிவிட்டதா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பிழையாகிவிட்டது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் விவரித்திருப்பது, பெரும்பாலும் ஒழுங்காகக் கவனிக்கப்படும் ஒரு நோயாளியின் இரண்டாவது வாரம்.

மடலை வேண்டுமென்றே சற்று இறுக்கமாகத் தைப்பார்கள். முதல் நாட்களில் நீர் அதிகமாக வெளியேறி அழுத்தம் 5 க்கும் கீழே இறங்கிவிட்டால் கண்ணின் உட்படலத்துக்கு அடியில் நீர் கோத்து அது சுவரிலிருந்து பிரியலாம், முன்னறை தட்டையாகலாம், அரிதாக உள்ளே இரத்தக் கசிவும் நேரலாம். அதைத் தவிர்க்க முதலில் இறுக்கி, பிறகு அழுத்தத்தைப் பார்த்து ஒவ்வொரு நூலாக லேசரால் வெட்டியோ, உருவி எடுக்கக்கூடிய தையலாக இருந்தால் உருவியோ தளர்த்துகிறார்கள். வெளிப்படலம் சிவந்து தடிக்கத் தொடங்கினால் தழும்பு கட்டுகிறது என்று அறிந்து, ஃபைவ் எஃப்யூ எனப்படும் மருந்தை அந்த இடத்துக்கு அருகே ஊசியாக ஏற்றுகிறார்கள். சிலருக்கு நுண்ணிய ஊசிமுனையால் தழும்பையே விலக்கிவிட வேண்டியும் வரும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. மூன்றாம் வாரத்தில் எளிதாகத் தளர்த்தக்கூடிய மடல் மூன்றாம் மாதத்தில் அசையாது. மேடையில் செலவாகும் ஒரு மணித்தியாலத்தைவிட அதற்குப் பின்வரும் 8 அல்லது 12 வாரங்களே இந்தச் சத்திரசிகிச்சையின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து. வாரந்தோறும் வருவது சிரமம்தான். ஆனால் கிளினிக்கைத் தவறவிடுபவரிடம் மிக நேர்த்தியாகத் தைக்கப்பட்ட மடலும் மூடிக்கொள்ளும்.

மங்கலுக்குக் காரணங்கள் பல. அழுத்தம் திடீரெனக் குறைந்ததாலும், தையல் இழுப்பதால் விழிவெண்படலத்தின் வளைவு மாறியதாலும் வரும் மங்கல் பெரும்பாலும் சில வாரங்களில் தெளியும். கண்ணாடி இலக்கம் மாறலாம். மூன்று மாதம் ஆவதற்குமுன் புதுக் கண்ணாடிக்குச் செலவழிக்க வேண்டாம். கண்புரை இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு விரைவாக வளர்வதும் உண்டு. வலி, திடீர்ப் பார்வைக் குறைவு, சீழ் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் “எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குக் கவலை தருகிறது. குளுக்கோமா மருந்துகளைச் சத்திரசிகிச்சை செய்த கண்ணுக்கு மட்டுமே நிறுத்துவார்கள். மற்றக் கண்ணுக்கு அவை முன்போலத் தொடர வேண்டும். செய்த கண்ணுக்குத் தரப்பட்ட ஸ்டீரொய்ட் துளிகளோ தழும்பைத் தடுப்பவை. அவை இரண்டு மூன்று மாதம் படிப்படியாகக் குறைக்கப்படுபவை, நோயாளி தானாக நிறுத்துபவை அல்ல. இன்றே வைத்தியரிடம் கேளுங்கள்.

வெட்டாமல் லேசரால் குணப்படுத்த முடியாதா? வயது 52, இரண்டு கண்ணிலும் ஆரம்ப நிலைக் குளுக்கோமா என்றார்கள்.
— வாசகர், பம்பலப்பிட்டி

குணப்படுத்தாது, கட்டுப்படுத்தும். கோணம் திறந்திருக்கும் வகையாக இருந்தால் உங்களுக்கு அது நல்ல தெரிவு. எஸ்எல்ரி எனப்படும் லேசர், நீர் வடியும் வலைத்திசுவில் மிகக் குறுகிய துடிப்புகளாகப் பாய்ச்சப்படுகிறது. சில நிமிடங்களில் முடிந்து அன்றே வீடு திரும்பலாம். புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு முதலில் துளிமருந்தா, லேசரா என்று இங்கிலாந்தில் ஒப்பிட்ட லைட் ஆய்வு 2019 இல் வெளியானது. லேசரோடு தொடங்கியவர்களில் ஏறத்தாழ 74 சதவீதமானோர் மூன்று ஆண்டுகள் கழித்தும் துளிமருந்து இல்லாமலேயே இலக்கு அழுத்தத்தில் இருந்தனர். அதன் விளைவு காலப்போக்கில் குறையும்; மறுபடி செய்யலாம்.

ஆஸ்துமா எனப்படும் முட்டு வருத்தம் உள்ளவர்கள் குளுக்கோமாவுக்குத் தரப்படும் டிமொலோல் துளியை விடக்கூடாது என்பதால் அவர்களுக்கு இந்த லேசர் மேலும் பயனுள்ளது. ஆனால் நோய் முற்றி, அழுத்தத்தை 12 க்கும் கீழே கொண்டுவர வேண்டிய ஒருவருக்கு இது போதாது. வெள்ளவத்தை வாசகியின் தந்தைக்கு நான் இதைச் சொல்லாததற்குக் காரணம் அதுவே.

அம்மாவுக்கு இரவில் கடும் தலையிடியும் சத்தியும். வாயு என்று நினைத்து மருந்து கொடுத்தோம். காலையில் ஒரு கண் சிவந்து பார்வை மங்கியிருந்தது. வைத்தியசாலையில் கண் அழுத்தம் 58 என்றார்கள். அழுத்தம் இறங்கிய பின் லேசரால் துளையிட்டார்கள். இப்போது நோயில்லாத மற்றக் கண்ணிலும் துளையிட வேண்டும் என்கிறார்கள். ஏன்?
— வாசகி, மட்டக்குளி

உங்கள் தாயாருக்கு வந்தது கோணம் திடீரென மூடிக்கொள்ளும் குளுக்கோமா. கதிராளி முன்னோக்கி வளைந்து வடிகாலை அடைத்துவிடுவதால் சில மணித்தியாலங்களில் அழுத்தம் இப்படி ஏறுகிறது. ஆசியர்களிடையே, அதிலும் வயதான பெண்களிடையே, இது கூடுதலாகக் காணப்படுகிறது. தலையிடியும் சத்தியும் முன்னே நிற்பதால் வயிற்றுக் கோளாறு என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ எண்ணி மருந்து கொடுப்பது நம் வீடுகளில் மட்டுமல்ல, அவசரப் பிரிவுகளிலும் நடக்கிறது. விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறதா என்று கேட்டால் பல வேளைகளில் உண்மை வெளிப்படும்.

லேசர் துளை கதிராளியின் ஓரத்தில் நீருக்கு ஒரு மாற்றுப்பாதை தருகிறது. ஜேர்மனியரான அல்பிரெக்ட் ஃபொன் கிரேஃபே 1850 களில் கத்தியால் கதிராளியின் ஒரு பகுதியை எடுத்துச் செய்ததை இன்று லேசர் சில நிமிடங்களில் செய்துவிடுகிறது. இரண்டு கண்களின் அமைப்பும் ஒன்றே ஆதலால் மற்றக் கண்ணும் அதே ஆபத்தில் இருக்கிறது. அது தாக்கப்படும்வரை காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. வைத்தியர் சொல்வது சரி. செய்துகொள்ளுங்கள்.

துளை போட்ட பிறகும் அழுத்தம் இறங்காவிட்டால், தடித்துவிட்ட வில்லையை எடுத்துச் செயற்கை வில்லையை வைப்பதே பலருக்குச் சிறந்த வழி. கண்புரை இல்லாதவர்களிலும் தெளிந்த வில்லையை எடுப்பது, லேசர் துளையோடு தொடங்குவதைவிட நல்ல பலன் தருவதாக 2016 இல் வெளியான ஈகிள் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 50 வயதைக் கடந்தவர்கள், உயர் அழுத்தமோ நரம்புப் பாதிப்போ ஏற்கனவே உள்ளவர்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

எனக்குக் கண்புரையும் குளுக்கோமாவும் சேர்ந்திருக்கின்றன. ஒரே தடவையில் இரண்டையும் செய்யலாமா? சிறு உலோகக் குழாய் வைக்கும் புதிய முறை பற்றி வெளிநாட்டிலிருக்கும் மகன் சொல்கிறான்.
— வாசகர், தெஹிவளை

செய்யலாம். எதை என்பது உங்கள் நோயின் கட்டத்தைப் பொறுத்தது. மகன் சொல்வது ஐஸ்டென்ட் ஆக இருக்கலாம். டைட்டேனியத்தாலான ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் நீளமுள்ள அந்தச் சாதனத்துக்கு அமெரிக்காவில் 2012 இல் அனுமதி கிடைத்தது. கண்புரை எடுக்கும் அதே வெட்டின் வழியாக அதைக் கோணத்தில் பதித்துவிடுகிறார்கள். ஆபத்து மிகக் குறைவு. அழுத்தக் குறைப்பும் அதற்கேற்ப மிதமானதே. ஆரம்ப நிலையிலோ நடுநிலையிலோ இருந்து, ஒரு மருந்தைக் குறைக்க விரும்புபவருக்குப் பொருந்தும். சாதனம் எதையும் வைக்காமல் வலைத்திசுவைச் சிறு கத்தியால் கீறி எடுக்கும் முறைகளும் உண்டு, செலவும் குறைவு.

புதியது என்பதற்காகவே ஒன்றை நாட வேண்டாம். சைபாஸ் என்ற இதே வகைச் சாதனம் 2016 இல் அனுமதி பெற்று, ஐந்தாண்டுக் கண்காணிப்பில் விழிவெண்படலத்தின் உட்கலங்கள் குறைவது தெரியவந்ததால் 2018 இல் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது. நோய் முற்றியிருந்தால் உங்களுக்குப் பழைய டிரபெகியுலெக்டமியே வேண்டியிருக்கும்; அப்போது இரண்டையும் சேர்த்தா, தனித்தனியாகவா என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணரின் கையும் அனுபவமும் தீர்மானிக்கட்டும்.

நீரிழிவால் என் கணவரின் கண்ணில் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து அழுத்தம் ஏறிவிட்டது. முன்பு செய்த டிரபெகியுலெக்டமியும் மூடிவிட்டது. இனி டியூப் வைக்க வேண்டுமாம். இது கடைசி வழியா?
— வாசகி, கொழும்பு 13

கடைசி வழி அல்ல. தழும்பு கட்டும் தன்மை மிகுந்த கண்ணுக்கு இதுவே முதல் வழியாகவும் இருக்கலாம். சிலிக்கோன் குழாயின் ஒரு முனை முன்னறைக்குள் இருக்கும். மறுமுனை வெளிப்படலத்துக்கு அடியில், கண்ணின் பின்பக்கமாகத் தைக்கப்பட்ட ஒரு தட்டில் திறக்கும். துளையை உடல் மூடினாலும் குழாயை மூடுவது கடினம் என்பதே இதன் நியாயம். தென்னாபிரிக்காவில் அந்தனி மொல்டினோ 1960 களின் இறுதியில் தொடங்கிய முறை இது. இன்று வால்வு உள்ள அஹமட் வகையும், வால்வு இல்லாத பேர்வெல்ட் வகையும் பரவலாக உள்ளன. பேர்வெல்ட் அமைப்பைத் தழுவி மதுரையிலுள்ள அரோலாப் நிறுவனம் செய்துவரும் ஆடி எனப்படும் சாதனம் மிகக் குறைந்த விலையில் கிடைப்பதால், இந்தப் பிராந்தியத்தில் பலருக்கு இச்சிகிச்சை எட்டக்கூடியதாகியிருக்கிறது.

எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் அடுத்த வாரங்கள் அதற்கேற்ப மாறும். வால்வு உள்ளது உடனே வேலை செய்யும். வால்வு இல்லாததைக் கரையும் நூலால் கட்டித்தான் வைப்பார்கள். ஐந்து ஆறு வாரத்தில் நூல் கரையும்வரை அழுத்தம் உயர்ந்தே இருக்கும், மருந்துகளும் தொடரும். நூல் கரையும் நாளில் அழுத்தம் சட்டென இறங்கிப் பார்வை சற்றுத் தடுமாறலாம். ஏற்கனவே சத்திரசிகிச்சை செய்த கண்களில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்றில், ஐந்தாண்டு முடிவில் டிரபெகியுலெக்டமி ஏறத்தாழ 47 சதவீதமானோரிலும், டியூப் ஏறத்தாழ 30 சதவீதமானோரிலும் தோற்றிருந்தன. டியூப்பும் சாசுவதம் இல்லை என்பதையும் அந்த 30 சொல்கிறது.

குழாய் படலத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வராமல் இருக்க, அதன்மேல் தானமாகக் கிடைத்த வன்கோதுப் படைத் துண்டொன்றை வைத்துத் தைப்பது வழக்கம். கண் தானம் என்றால் விழிவெண்படலம் மட்டுமே பயன்படும் என்று நினைப்பவர்கள் இதையும் அறிய வேண்டும்; ஹட்சன் சில்வா 1961 இல் நிறுவிய இலங்கைக் கண் தானச் சங்கத்தால் உலகுக்கே கண் கொடுத்த நாடு நம்முடையது.

உங்கள் கணவருக்கு வேறொன்று இன்னும் முக்கியம். புதிய குழாய்கள் வளரக் காரணம் விழித்திரைக்கு இரத்தம் போதாமை. அதற்குரிய ஊசியும் விழித்திரை லேசரும் செய்யாமல் டியூப் மட்டும் வைத்தால் பயன் நீடிக்காது. பார்வை ஏற்கனவே பெரிதும் போய், வலி மட்டும் மிஞ்சியிருக்கும் கண்ணென்றால், நீர் சுரக்கும் திசுவையே டயோட் லேசரால் சுட்டுச் சுரப்பைக் குறைக்கும் எளிய முறையும் இருக்கிறது.

நான்கு மாதக் குழந்தையின் கண்கள் பெரிதாக, அழகாக இருக்கின்றன. வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொள்கிறான், எப்போதும் நீர் வடிகிறது. கண்ணீர்ப்பை அடைப்பு, தானாகச் சரியாகும் என்கிறார்கள்.
— ஒரு தாய், ஜிந்துப்பிட்டி

அடைப்பாகவும் இருக்கலாம். ஆனால் நீர் வடிதல், வெளிச்சம் கூசுதல், பெரிய கண் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் பிறவிக் குளுக்கோமா இல்லை என்று உறுதி செய்யாமல் ஒரு வாரம்கூட விடக்கூடாது. குழந்தையின் கண்சுவர் இளகியதாகையால் உள்ளழுத்தத்தில் கண் முழுவதுமே பெருக்கிறது. முதலாவது வயதுக்குள் கருவிழியின் விட்டம் 12 மில்லிமீற்றரைத் தாண்டினால் சந்தேகிக்க வேண்டும். இங்கே சத்திரசிகிச்சைதான் முதல் சிகிச்சை: வளராமல் நின்றுபோன வடிகாலை முழு மயக்கத்தில் உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ திறந்துவிடுகிறார்கள், நேரத்தோடு செய்தால் பலன் நன்று. வீட்டில் பெரியவர்களுக்கு உள்ள துளிமருந்து எதையும் குழந்தைக்கு விடாதீர்கள்; அவற்றுள் பிரிமோனிடின் கைக்குழந்தையின் மூச்சையே தடுக்கக்கூடியது. பெற்றோர் நெருங்கிய சொந்தத்தில் மணந்திருந்தால் வைத்தியரிடம் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு தொழுகை, நோன்பு, கோயில் தீர்த்தம், யோகாசனம், விமானப் பயணம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள்.

முதல் சில வாரங்கள் தலையைக் கண்ணின் மட்டத்துக்குக் கீழே தாழ்த்தக் கூடாது. தொழுகையைக் கதிரையில் அமர்ந்து நிறைவேற்றலாம். சாட்டாங்கமாக விழுந்து வணங்குவதைத் தள்ளிவையுங்கள். கண்ணில் விடும் துளியால் நோன்பு முறியாது என்றே மார்க்க அறிஞர் பலர் கூறுகின்றனர். ஐயமிருந்தால் உங்கள் மௌலவியைக் கேளுங்கள், ஆனால் மருந்தை விடாமல் இருந்துவிடாதீர்கள். கடலிலோ தீர்த்தக் கேணியிலோ முழுகுவதை வைத்தியர் அனுமதிக்கும்வரை தவிர்க்க வேண்டும். தலைமுழுக்கும் அப்படியே. கொப்புளம் மெல்லியதாக உள்ளவர்களுக்கு முழுகுவது நிரந்தரமாகவே ஆகாது. சிரசாசனம் கண் அழுத்தத்தை இரட்டிப்பாக்குகிறது. குளுக்கோமா உள்ள எவரும், சத்திரசிகிச்சை செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும், அதை விட்டுவிட வேண்டும். விமானப் பயணத்தால் மடலுக்குக் கெடுதி இல்லை. கிளினிக்கைத் தவறவிட நேர்வதே அதில் உள்ள கெடுதி. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் சத்திரசிகிச்சைக்கு முன் அதைத் தாமாக நிறுத்தாமல் இருதய வைத்தியரையும் கண் வைத்தியரையும் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் டிரபெகியுலெக்டமி செய்து நன்றாக இருந்தேன். இரண்டு நாளாக அந்தக் கண் சிவந்து பீளை கட்டுகிறது. ஊரெங்கும் கண்நோய் பரவுவதால் பார்மசியில் கேட்டு மருந்து வாங்கினேன். போதுமா?
— வாசகர், மருதானை

போதாது. கடிதம் எழுதிய கையோடு நீங்கள் வைத்தியசாலைக்குப் போயிருக்க வேண்டும். இதே நிலையிலுள்ள மற்றவர்களுக்காகவே இதை அச்சிடுகிறேன். உங்கள் கண்ணில் கொப்புளத்துக்கும் வெளியுலகுக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய படலம் மட்டுமே, அதற்குக் கீழே நேராகக் கண்ணுக்குள் செல்லும் வழி திறந்திருக்கிறது. சத்திரசிகிச்சை செய்து எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் அந்த வழியால் கிருமி உள்ளே போகலாம். போனால் ஓரிரு நாட்களில் பார்வை முழுவதும் அழியக்கூடும். மற்றவர்களுக்குச் சாதாரணக் கண்நோயாக இருப்பது உங்களுக்கு அவசர நிலை. சிவப்பு, பீளை, வலி, வெளிச்சம் கூசுதல், திடீரென வழியும் நீர் ஆகியவற்றில் எது வந்தாலும், அன்றைக்கே கொழும்பு லிப்டன் சுற்றுவட்டத்துக்கு அருகிலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்கோ உங்களுக்குச் சத்திரசிகிச்சை செய்த இடத்துக்கோ செல்லுங்கள். வாசலில் முதலில் காண்பவரிடமே “இந்தக் கண்ணில் குளுக்கோமா சத்திரசிகிச்சை செய்திருக்கிறது” என்று சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் பார்மசியில் வாங்கிய மருந்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.